வீட்டுக் கணிப்பொறியைப் பேணும் வகை

(தோவாளை வட்டத்துச் சிற்றூர் ஒன்றின் நூலகக் கட்டடத்தில், மகளிர் சுய உதவிக் குழுவினரும் உழவர்களும் மாணவர்களும் கூடிய அவையில், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)





பொருள்களைப் பேணிக் காக்கும் பழக்கம் நாஞ்சில் நாட்டு மக்களாகிய நமக்குப் புதியதன்று. வயல் வேலை முடிந்ததும் மண்வெட்டியைக் கழுவித் துடைத்து வைப்பது நம் வழக்கம். பத்தாயத்தில் கறையான் ஏறாதவாறு அதனைத் தரையினின்று உயர்த்தி வைப்பது நம் வழக்கம். ஆண்டுக்கு ஒரு முறை ஓடு பிரித்து மாற்றுவதும், மழைக்கு முன் விறகை உலர்த்தி அடுக்குவதும் நாம் பெற்றோரிடம் கண்டு கற்றவை. ஆயினும் இன்று நம் இல்லங்களில் பெரும்பொருள் கொடுத்து வாங்கி வைத்திருக்கும் ஒரு பொருளை மட்டும், அது பழுதாகும் வரையில் திரும்பிப் பாராமல் விட்டுவிடுகிறோம். அதுவே கணிப்பொறி.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நமது மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த காலத்தில், கணிப்பொறி ஒன்று நம் வீட்டுத் திண்ணை வரையில் வரும் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார். 2011ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற மாணவர்க்கு மடிக்கணினி விலையின்றி வழங்கப்பட்ட பின்னர், ஏழை உழவர் வீட்டிலும் மீனவர் வீட்டிலும் அது குடிபுகுந்தது. இன்று மகளிர் குழுவின் வரவு செலவுக் கணக்கும், நிலவரி இரசீதின் படியும், பிள்ளைகளின் படிப்பும், வளைகுடா நாட்டில் உழைக்கும் மகன் அனுப்பிய புகைப்படங்களும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. எனவே அதனைப் பேணும் வகையை அறிந்துகொள்ளுதல் ஒவ்வொரு குடும்பத்திற்கும் இன்றியமையாததாகும்.

நான் இழந்தது

அறிவுரை கூற வந்தவன், முதலில் தன் குறையைக் கூறிவிடுதல் நன்று. என் தாயார் நடவுப் பாட்டுப் பாடுவதில் எங்கள் ஊரில் பெயர் பெற்றவர். 2006ஆம் ஆண்டு, பள்ளி விடுமுறையில், அவர் பாடிய பாட்டுகளையெல்லாம் ஒலிவாங்கி கொண்டு என் வீட்டுக் கணிப்பொறியில் பதிவு செய்தேன். பல மாலைகள் அவர் பொறுமையுடன் அமர்ந்து பாடினார். 2009இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை, இடி இடிக்கத் தொடங்கியதும் நான் கணிப்பொறியின் திரையை மட்டும் அணைத்துவிட்டுச் சன்னல்களைச் சாத்தப் போனேன். மின்செருகியைப் பிடுங்கவில்லை. ஒரு பெருமின்னல். அதன்பின் அந்தப் பொறி எழவில்லை. உள்ளிருந்த வன்தட்டும் கருகிப் போயிற்று. பெரிய நகரம் வரையில் கொண்டுசென்று காட்டியும் பயன் இல்லை.

மிஞ்சியது ஒரே ஒரு தாலாட்டு. பஹ்ரைனில் இருந்த என் தம்பி தன் குழந்தைக்காகக் கேட்டதனால், அதனை மட்டும் ஒரு குறுந்தட்டில் படியெடுத்து அவனுக்கு அனுப்பியிருந்தேன். நடவுப் பாட்டுகள் அத்தனையும் போயின. கணிப்பொறியை மறுபடியும் வாங்கினேன். தாயின் குரலை எந்தக் கடையில் வாங்குவது?

அன்று நான் உணர்ந்த உண்மையையே இன்று உங்கள் முன் வைக்க வந்துள்ளேன். கணிப்பொறியில் காக்க வேண்டியவை இரண்டு. ஒன்று பொறி, மற்றொன்று அதனுள் இருக்கும் செல்வம். பொறியைக் காப்பது சிக்கனம். உள்ளிருப்பதைக் காப்பதோ கடமை. இவ்விரண்டிற்கும் பெரும்பொருட்செலவு வேண்டுவதில்லை. ஒழுங்கான பழக்கமே வேண்டும்.

ஈரமும் தூசும்

நமது மாவட்டம் இரு பருவ மழையும் பெறும் பேறுடையது. இடவப்பாதியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையும் நம் வயலுக்கும் தோப்புக்கும் உயிர். ஆனால் ஆண்டின் பெரும்பகுதி காற்றில் தங்கும் ஈரம் மின்கருவிகளுக்குப் பகை. குளச்சல், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் அந்த ஈரத்தோடு உப்பும் சேர்கிறது. உப்புக் காற்றுப் பட்ட இரும்பு விரைவில் துருப்பிடிப்பதைக் கடற்கரையில் வாழ்வோர் நன்கு அறிவர். கணிப்பொறியினுள் இருக்கும் நுண்ணிய செப்புக் கம்பிகளும் இணைப்புகளும் அவ்வாறே அரிக்கப்படும்.

ஆகவே கணிப்பொறியை ஈரச் சுவரை ஒட்டியோ, மழைச்சாரல் அடிக்கும் சன்னலின் அருகிலோ வைத்தல் ஆகாது. சுவரினின்று ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள். தரையில் வைக்காமல் ஒரு பலகையின் மேல் வையுங்கள். மழைக்காலத்தில் பல நாள் பயன்படுத்தாமல் மூடி வைப்பதைவிட, வாரத்தில் இரு முறையேனும் சிறிது நேரம் இயக்குவது நல்லது. பொறி இயங்கும் வெப்பமே உள்ளிருக்கும் ஈரத்தைப் போக்கும். மடிக்கணினியைப் பெட்டியில் வைப்பதாயின், புதுச் செருப்புப் பெட்டியிலும் மருந்துப் புட்டியிலும் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் சிலவற்றை உடன் வையுங்கள்.

அடுத்தது தூசு. அறுவடைக் காலத்தில் நெல்லின் சுணையும், கயிறு திரிக்கும் ஊர்களில் தேங்காய் நார்த் தூளும், செங்கற் சூளைகளின் அருகில் செம்மண் புழுதியும் வீட்டிற்குள் நுழைகின்றன. கணிப்பொறியின் உள்ளே வெப்பத்தை வெளியேற்றச் சிறு விசிறி ஒன்று சுழல்கிறது. அது காற்றை உள்ளிழுக்கும்போது தூசையும் சேர்த்தே இழுக்கிறது. தூசு படிந்து காற்றுவழி அடைபட்டால் பொறி கொதிக்கும், வேகம் குறையும், திடீரென்று தானே நின்றுவிடும். பழுதென்று எண்ணிக் கடைக்கு எடுத்துச் செல்லும் பொறிகள் பலவற்றிற்கு வேண்டுவது தூய்மை ஒன்றே.

மூன்று மாதத்திற்கு ஒரு முறை தூசு துடைக்கும் பழக்கம் போதுமானது. முதலில் பொறியை முறையாக நிறுத்தி, மின்செருகியைப் பிடுங்கிவிட வேண்டும். காற்று வரும் துளைகளையும் விசைப்பலகையின் இடுக்குகளையும் காய்ந்த மெல்லிய தூரிகையால் துடைக்க வேண்டும். காற்று ஊதும் கருவி கிடைக்குமாயின், விசிறி சுழலாதவாறு ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். திரையைத் துடைக்கப் பழைய மெல்லிய பருத்தித் துணியே நல்லது. துணியை இலேசாக நனைக்கலாம். திரையின் மேல் நேரே தண்ணீர் தெளிப்பதும், வீட்டுத் தரை கழுவும் மருந்தைப் பூசுவதும் தீங்கு.

பொறி சூடாக இருக்கும்போதே தூசு படியாதிருக்க வேண்டுமென்று உறையால் மூடிவிடும் தாய்மார்கள் உண்டு. அவர்களுடைய அக்கறை பாராட்டத்தக்கது. எனினும் சூடு தணிந்த பின்னரே மூட வேண்டும். மடிக்கணினியை மெத்தையின் மேலும் தலையணையின் மேலும் வைத்து இயக்குதல் கூடாது. அதன் அடியில் உள்ள காற்றுவழி அடைபடும்.

எறும்பும் பல்லியும் வெதுவெதுப்பான இடத்தை நாடும். இணையம் தரும் ரௌட்டர், மின் அடாப்டர் இவற்றினுள் எறும்பு கூடு வைப்பதும், பல்லி புகுந்து மின்கசிவு உண்டாவதும் நம் ஊர்களில் நேர்வனவே. கணிப்பொறியின் பக்கத்தில் தேநீரும் முறுக்கும் உண்பதை நிறுத்தினாலே பாதி எறும்பு வாராது.

மின்சாரத்தின் வரவு செலவு

நமது வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட் எனக் கொள்ளப்படுவது. காற்றடிக்கும் நாளில் தென்னை மட்டை கம்பியில் விழுந்தாலும், மின்சாரம் நின்று மீண்டும் வந்தாலும், அவ்வழுத்தம் ஒரு நொடியில் ஏறி இறங்கும். மின்விளக்கு அதனைப் பொறுத்துக்கொள்ளும், கணிப்பொறி பொறுத்துக்கொள்ளாது.

வன்தட்டு எனப்படும் ஹார்ட் டிஸ்க் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தால் இதன் காரணம் விளங்கும். அதனுள் கண்ணாடி போல் பளபளக்கும் தட்டுகள் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. எழுதவும் படிக்கவும் வல்ல ஒரு சிறு முனை அத்தட்டைத் தொடாமல், தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் அறுந்தால் எழுத்து பாதியில் நின்று கெடும். பொறி இயங்கும்போது தட்டினாலும் நகர்த்தினாலும் முனை தட்டைக் கீறக்கூடும். இப்போது வரும் எஸ்.எஸ்.டி. வகையில் சுழலும் உறுப்பு இல்லை. அதிர்ச்சியை அது தாங்கும். ஆனால் மின் ஏற்றத்தாழ்வு அதற்கும் தீங்கே.

இதற்கு நான்கு காப்புகள் உண்டு.

முதலாவது, நிலத்தொடர்பு. மூன்று முனைச் செருகியில் மேலே உள்ள தடித்த முனை நிலத்தொடர்புக்கு உரியது. அது நுழையவில்லை என்பதற்காக அதனை ஒடித்துவிட்டுப் பயன்படுத்துதல் பேதைமை. வீட்டின் எர்த் குழி கோடையில் வறண்டுபோகும். இடையிடையே தண்ணீர் ஊற்றி, ஆண்டுக்கு ஒரு முறை மின்பணியாளரைக் கொண்டு சோதித்தல் வேண்டும்.

இரண்டாவது, யு.பி.எஸ். மேசைக் கணிப்பொறிக்கு இது கட்டாயம் வேண்டும். மின்சாரம் நின்ற பின்னும் வேலை செய்துகொண்டே இருப்பதற்காக அன்று. செய்த வேலையைச் சேமித்துப் பொறியை ஒழுங்காக நிறுத்துவதற்காகவே அது தரும் பத்து நிமிடம். அதன் மின்கலம் பெரும்பாலும் மூன்று ஆண்டுக்குள் வலுவிழக்கும். மாதம் ஒரு முறை மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தால் அதன் வலு தெரியும்.

மூன்றாவது, மடிக்கணினியின் மின்கலத்தை நோக்குதல். அதன் அடிப்பாகம் புடைத்தாலோ, விசைப்பலகை மேலெழும்பினாலோ, மின்கலம் ஊதிவிட்டது என்று பொருள். உடனே மின்னேற்றுவதை நிறுத்த வேண்டும். அதனைக் குத்துவதும் அழுத்துவதும் தீப்பற்றச் செய்யும்.

நான்காவது, இடி மின்னல் நாளில் செய்ய வேண்டுவது. பொத்தானை அணைத்தால் போதும் என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். மின்னல் பல கல் தொலைவு வானில் தாவி வருவது. சுவரில் உள்ள பொத்தானின் சிறு இடைவெளி அதற்கு ஒரு தடையா? செருகியை முழுவதும் பிடுங்க வேண்டும். மின்கம்பி வழியாக மட்டுமன்றி, தொலைபேசிக் கம்பி வழியாகவும், தொலைக்காட்சிக் கேபிள் வழியாகவும் அது வரும்; அவற்றையும் கழற்ற வேண்டும். கண்ணாடி இழை வழி இணையம் பெறுவோர், இழை மின்சாரத்தைக் கடத்தாது என்று அயர்ந்திருத்தல் கூடாது. ரௌட்டருக்கு மின்சாரம் தரும் அடாப்டர் வழியே அது வரலாம். இவையனைத்தையும் வானம் இருளும்போதே செய்துவிட வேண்டும். மின்னல் வெட்டிக்கொண்டிருக்கும்போது கம்பிகளைத் தொடுதல் உயிருக்கு இடர்.

கண்ணுக்குப் புலனாகாத பகைவர்

இதுகாறும் கூறியவை கண்ணால் காணும் தீங்குகள். இனிக் காணாத தீங்குகளைப் பற்றிக் கூறுவேன்.

வைரஸ் என்பது மனிதர் எழுதிய ஒரு தீய மென்பொருள். அது தானாக முளைப்பதன்று. 1986ஆம் ஆண்டு பாகிஸ்தானின் லாகூர் நகரில் இரு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' என்னும் நிரல், ஐ.பி.எம். பி.சி. வகைக் கணிப்பொறிகளில் பரவிய முதல் வைரஸ் எனக் கூறப்படுகிறது. அந்நாளில் இணையம் மக்களிடம் இல்லை. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிய வட்டுகளின் வழியாகவே அது நாடு விட்டு நாடு சென்றது. இன்று அவ்வட்டின் இடத்தைப் பென் டிரைவ் பெற்றுள்ளது. நகரத்துக் கடையில் ஒரு விண்ணப்பத்தை அச்செடுக்கப் பென் டிரைவைக் கொடுக்கிறோம். அக்கடையின் பொறியில் அன்றைக்கு எத்தனையோ பேருடைய பென் டிரைவ்கள் நுழைந்திருக்கும். வீட்டிற்கு வந்து செருகியதும், நம் கோப்புகளெல்லாம் மறைந்து, அவற்றின் பெயரில் குறுக்குவழிக் குறிகள் மட்டும் நிற்கக் காண்கிறோம். சந்தைக்குப் போய் வந்த மாட்டை உடனே தொழுவத்தில் மற்ற மாடுகளோடு கட்டாமல் சில நாள் தனியே வைத்து நோக்குவது அறிந்த உழவரின் முறை. பென் டிரைவிற்கும் அதுவே முறை. செருகியவுடன் திறவாமல், வைரஸ் தடுப்பு மென்பொருள் கொண்டு சோதித்த பின்னரே திறக்க வேண்டும். விண்டோஸ் பொறிகளில் அத்தகைய தடுப்பு உடன் வருவதே; அதனை அணைத்து வைக்காமல் இருந்தால் போதும். அச்செடுப்பதற்கென்று வேறொன்றும் இல்லாத தனிப் பென் டிரைவ் ஒன்று வைத்துக்கொள்வது இன்னும் நன்று.

அடுத்து, திருத்தங்களைப் பற்றிய செய்தி. பொறி நிற்கும்போது 'அப்டேட்' என்று காட்டினால், இஃதென்ன தொல்லை என்று தள்ளிவிடுகிறோம். 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் தொடங்கி, 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் இலட்சக்கணக்கான பொறிகளைத் தாக்கிற்று. அவற்றில் உள்ள கோப்புகளையெல்லாம் பூட்டி வைத்துக்கொண்டு, திறப்பதற்குப் பணயத் தொகை கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளின் வேலை நின்றது. அந்நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் சோம்பியிருந்தவர்களே பெரும்பாலும் அகப்பட்டனர். திருத்தம் என்பது வரப்பில் நண்டு துளைத்த வளையை அடைப்பது போன்றது. சிறு வளை என்று விட்டால், விடிவதற்குள் வயல் நீரெல்லாம் வடிந்துபோகும்.

விண்டோஸ் 7 வகைக்கு 2020ஆம் ஆண்டு சனவரியிலும், விண்டோஸ் 10 வகைக்கு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளிலும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அவ்வகைகள் உள்ள பழைய பொறிகளை வங்கிப் பணிக்குப் பயன்படுத்துதல் தகாது. புதிய விண்டோஸ் அவற்றில் ஏறவில்லையானால், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் வகைகளை நிறுவலாம். நம் நாட்டுச் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ், அரசு வழங்கிய மடிக்கணினிகளிலேயே இருந்தது. பலர் அதனைத் திறந்தும் பார்த்ததில்லை. புதிய பதிப்பாகத் தேர்ந்து நிறுவினால், பழைய பொறியும் படிப்பிற்கும் எழுத்து வேலைக்கும் இன்னும் சில ஆண்டு உழைக்கும். விலை கொடுக்காமல் பெற்ற திருட்டு மென்பொருளோ, கதவைத் திறந்து வைத்து உறங்குவதற்கு ஒப்பாகும்.

கடவுச்சொல்லும் கருத்துக்குரியது. பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்த்து வைப்பதே நம்மவர் வழக்கம். அதனை ஊரார் அனைவரும் அறிவர். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து எழுதினால் நமக்கு நினைவில் நிற்கும், பிறர்க்குப் புலப்படாது. பனங்கிழங்கு, தேர்வடம், மூக்குத்தி, மறுகால் என்பது போல. அவையில் சொல்லிவிட்டேனாதலின், இந்த நான்கை மட்டும் வைத்துவிடாதீர்கள்! வங்கிக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று எனத் தனித்தனியே இருத்தல் வேண்டும். ஒரு குறிப்பேட்டில் எழுதி, நகை வைக்கும் பெட்டியில் பூட்டி வைப்பதில் குற்றமில்லை. பொறியின் மேல் ஒட்டி வைப்பதே குற்றம்.

இவையனைத்தையும் விடப் பெரும் பகை, இனிய சொல்லோடு வருபவன். "உங்கள் பொறியில் வைரஸ் உள்ளது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றும். அழைத்தால், தொலைவிலிருந்து நம் பொறியை இயக்கும் மென்பொருளை நிறுவச் சொல்வான். அல்லது காவல்துறை அதிகாரி போல் காணொளியில் தோன்றி, "நீங்கள் டிஜிட்டல் கைது செய்யப்பட்டுள்ளீர்கள்" என்று அச்சுறுத்துவான். அத்தகைய கைது எதுவும் நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்கும் வீடுகளே இவர்களுக்கு எளிய இரை. மகனுக்கு ஆபத்து என்று கேட்டால் எந்தத் தாய்க்குத்தான் மனம் பதறாது? அந்தப் பதற்றமே அவன் முதலீடு. உடனே அழைப்பைத் துண்டித்து, மகனுக்கு நேரே பேசுங்கள். ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் கூறாதீர்கள். பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, அவ்வளவிற்குப் பணத்தை வழியில் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

பழுது பார்க்கக் கொடுக்கும்போதும் விழிப்பு வேண்டும். குடும்பத்துப் பெண்களின் புகைப்படங்களையும் வங்கி விவரங்களையும் வேறிடத்தில் படியெடுத்து, பொறியினின்று நீக்கிய பின்னரே கொடுக்க வேண்டும். பழைய பொறியை விற்கும்போது, கோப்புகளை அழிப்பது மட்டும் போதாது. தெரிந்தவரைக் கொண்டு வன்தட்டு முழுவதையும் துடைத்துவிட வேண்டும்.

விதைக்கோட்டை

இவ்வளவு காப்புகளையும் செய்த பின்னும், ஒரு நாள் பொறி கெடத்தான் செய்யும். அப்போது நம்மைக் காப்பது படி ஒன்றே.

2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. வாழையும் ரப்பரும் தென்னையும் வீழ்ந்தன. பல சிற்றூர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய வேளையில், நிலத்தின் பட்டாவும் காப்பீட்டுச் சான்றும் கணிப்பொறிக்குள் மட்டும் இருந்து என்ன பயன்? ஆதலின் இன்றியமையாத ஆவணங்களுக்குத் தாளிலும் ஒரு படி வேண்டும். மகளிர் குழுவின் கணக்கை மாத முடிவில் அச்செடுத்துக் கையொப்பமிட்டு வைக்கும் வழக்கத்தை, கணிப்பொறி வந்துவிட்டது என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் நாஞ்சில் நாட்டு வரலாற்றுக்குப் பெருஞ் சான்றாக விளங்குபவை. தேரூர் தந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் அவற்றை ஆராய்ந்து அறிஞருலகிற்கு அறிவித்தார். பின்னர் ஆய்வாளர் அ. கா. பெருமாள் அவர்கள் அவற்றை நூலாகப் பதிப்பித்தார். ஒரு வீட்டில் கிடந்த செய்தி இன்று பல நூலகங்களில் இருக்கிறது. இனி ஓர் இடத்தில் நெருப்போ நீரோ புகுந்தாலும் அது அழியாது. படியெடுத்தல் என்பதன் பயன் இதுவே.

செய்யும் முறை எளிது. எந்தக் கோப்பு உங்களுக்கு அருமையானதோ, அது மூன்று இடங்களில் இருக்க வேண்டும். ஒன்று கணிப்பொறியில்; மற்றொன்று தனியே கழற்றி வைக்கும் வெளி வன்தட்டில்; மூன்றாவது வீட்டிற்கு வெளியே. மூன்றாவது படியை இணையத்தில் உள்ள சேமிப்பிடத்தில் வைக்கலாம். அல்லது வேறூரில் வாழும் உடன்பிறந்தாரிடம் ஒரு பென் டிரைவில் கொடுத்து வைக்கலாம். வெளி வன்தட்டை எப்போதும் பொறியோடு இணைத்தே வைத்தல் கூடாது. மின்னலும் தீநிரலும் இரண்டையும் ஒருங்கே தாக்கும். மாதம் ஒரு முறை இணைத்து, படியெடுத்து, கழற்றி, உலர்ந்த டப்பாவில் வைத்துவிட வேண்டும். எடுத்த படி திறக்கிறதா என்று ஆறு மாதத்திற்கு ஒரு முறை திறந்து பார்த்தல் இன்றியமையாதது. முளைக்குமா என்று சோதியாத விதையை நம்பி எவரும் வயலை உழுது வைப்பதில்லை.

மாணவச் செல்வங்களே! இவ்வேலையில் உங்களுக்கே முதலிடம். உங்கள் வீட்டுப் பொறியைப் பேணுவதோடு நில்லாமல், அண்டை வீட்டு முதியோருக்கும் உதவுங்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையைப் படியெடுக்கும் நாளாக வைத்துக்கொள்ளலாம். இடவப்பாதிக்கு முன் ஒரு முறையும், ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறையும் இந்த நூலகத்தில் கூடி, பொறிகளைத் துடைத்து, மின்கலங்களைச் சோதித்து, திருத்தங்களை ஏற்றிக் கொடுக்கலாம். செலவு சிறிது, ஊருக்கு விளையும் நன்மை பெரிது.

என் தாயார், அறுவடை முடிந்ததும் முதலில் செய்யும் வேலை விதைநெல்லைத் தேர்ந்து காயவைத்து, வைக்கோலால் இறுகக் கட்டி விதைக்கோட்டை அமைப்பதுதான். அதில் ஒரு பங்கை என் மாமன் வீட்டிற்கு அனுப்பிவிடுவார். "மக்களே, எல்லா விதையும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கக்கூடாது" என்பார். கன்னிப்பூவும் கும்பப்பூவும் தவறாமல் விளைந்தமைக்கு அதுவும் ஒரு காரணம். அச்சொல்லைக் கேட்டு வளர்ந்த நான், அவருடைய குரலையே ஒரே கூரையின் கீழ் வைத்து இழந்தேன். அயலூருக்கு அனுப்பிய ஒரு தாலாட்டே என்னிடம் திரும்பி வந்தது. இன்று அது நான்கு வீடுகளில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் அத்தகைய குரல் ஒன்று, முகம் ஒன்று, கணக்கு ஒன்று இருக்கும். வீட்டிற்குச் சென்றதும், இன்றிரவே அதற்கு ஒரு படி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். என் பேச்சினால் அந்த ஒரு செயல் நிகழுமாயின், இங்கு வந்த பயனை முற்றும் பெற்றவனாவேன்.